பாவாத்தாள் பெயர் போட்ட புகைபோக்கி

மார்ச் 3, திங்கள்

காலையில் சென்னையிலிருந்து ஒருவன் வந்தான். பெயர் ரகுநந்தனாம். முப்பது வயது இருக்கும். கழுத்தில் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டிருந்தான், எங்கள் வீட்டுக்குள் தொலைந்துபோனால் யாராவது கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்பது போல. என் மகன் மயில்சாமிதான் அவனை ஹாலில் உட்கார வைத்தான்.

“அம்மா, இவரு நம்ம கம்பெனில எவ்வளவு கார்பன் வருதுன்னு பாத்துச் சொல்றதுக்கு வந்திருக்காருங்.”

கார்பன் என்றால் என்ன என்று கேட்டேன். கரி எரியும்போது போகிற வாயுவாம். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, கையில் பிடிபடாது. ஆனால் டன் கணக்கில் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத சரக்கை எடை போட என் மகன் காசு கொடுத்து ஆள் கூட்டி வந்திருக்கிறான். காபி கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றான். இந்த வயதில்.

எங்களுடையது சாயப்பட்டறை. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறோம். சாயம் பிடிக்க வெந்நீரும் ஆவியும் வேண்டும், ஆவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்குக் கரியும் விறகும் வேண்டும். எரித்தால் புகை வரும். ஐந்தாவது வரைக்கும் படித்த எனக்கு இது தெரிகிறது. இவன் அதைத் தெரிந்துகொள்ள கம்ப்யூட்டரை விரித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 4

இன்றும் சர்க்கரை இல்லாத காபிதான் கேட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

பட்டறையின் புகைபோக்கி எங்கள் மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். இரும்புக் குழாய். ஊரில் அதைவிட உயரமானவை இருக்கலாம், ஆனால் அதில்தான் ஒரு பொம்பிளையின் பெயர் இருக்கிறது. பட்டறை ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரர் எழுதி வைத்தது. மேலிருந்து கீழாக வெள்ளை எழுத்து: பா, வா, த், தா, ள். பல்லடம் ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன்கூடத் தலையைக் குனிந்து பார்த்துப் படிக்கலாம். கழுத்து நிறைய நகை போட்டவளைப் பார்த்திருக்கிறேன், பேரன் பெயரில் கல்யாண மண்டபம் கட்டியவளைப் பார்த்திருக்கிறேன். புகை விடுகிற பெயர் எனக்கு மட்டும்தான்.

எங்கள் தெருவில் யாரும் ‘சௌக்கியமா’ என்று கேட்பதில்லை. ‘புகை போகுதுங்களா’ என்பார்கள். போகிறது என்றால் ஆர்டர் இருக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் போகிறது, வீட்டில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். போகவில்லை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் பாய்லர் நிற்கும். அன்றைக்குக்கூட எதிர்வீட்டு நாச்சம்மாள் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

மார்ச் 14

நேற்று ரகுநந்தன் எங்கள் எல்லோருக்கும் படம் காட்டினான். என்னையும் உட்காரச் சொன்னது என் பேத்தி சிந்துஜா. இவள் துணி என்ஜினியரிங் படித்துவிட்டு அப்பனுக்கு ஆபீஸ் பார்த்துக்கொடுக்கிறாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் காது கேட்காது.

படத்தில் மூன்று கோடு. உலகத்தில் எல்லோரும் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று ஒன்று, எவ்வளவு எரிக்கிறார்கள் என்று ஒன்று, எவ்வளவு கார்பன் போகிறது என்று ஒன்று. மூன்றும் கையைக் கோத்துக்கொண்டு மலை ஏறுகிற மாதிரி ஏறிப் போகின்றன. வரும்படி ஏறினால் அடுப்பு அதிகம் எரியும் என்று சொல்ல இவனுக்கு ரயில் டிக்கெட்டும் ஓட்டல் ரூமும்.

பிறகு இன்னொரு படம் போட்டான். சில வெளிநாடுகளில் சம்பாத்தியம் மேலே போகிறது, கார்பன் மட்டும் கீழே இறங்குகிறது. அதைக் காட்டும்போது அவன் முகத்தில் என்ன ஒரு பூரிப்பு.

“அவங்க போடற பனியன் எங்க தைக்கறது?” என்றேன்.

“இங்கதாம்மா.”

“சாயம்?”

“இங்க.”

“அப்ப எச்சிலையை எங்க வாசல்ல போட்டுப்போட்டு எங்கூடு சுத்தம்னு சொல்லீட்டு இருக்கறாங்களா?”

மயில்சாமி கீழே பார்த்தான். ரகுநந்தன் சளைக்கவில்லை. “நீங்க சொல்றது ஒரு பங்கு உண்மைதாம்மா. ஆனா அவங்க வாங்கற துணி, சாமான் எல்லாத்தையும் அவங்க கணக்குலயே சேத்துப் பாத்தாலும் சில நாட்டுல கொஞ்சம் இறங்கியிருக்கு. காத்தாலை, சூரிய கரண்டுன்னு மாறினதாலதான்.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். நாட்டுக்கு நாடு மாறுமாம். இப்படிப் பேசினால் யாரும் மடக்க முடியாது.

நம் நாட்டுக் கோடு எப்படி என்று கேட்டேன். ஏறுகிறதாம், ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் உலகத்துச் சராசரியைவிடக் குறைவுதானாம். ஆளுக்குப் பிரித்தால் எனக்கும் பாய்லர்காரன் சின்னராசுக்கும் ஒரே பங்கா என்றேன்.

சிந்துஜா சிரித்தாள். “இல்லீங் ஆத்தா. உங்க பங்குல மூணு ஏசி இருக்குதுங்.”

இவளை என் பக்கத்தில் உட்கார வைத்தது என் தப்பு.

மார்ச் 17

வெயில் தாங்கவில்லை. பங்குனி பிறந்ததும் பிறக்காததுமாகச் சித்திரை மாதிரி கொளுத்துகிறது. என் ரூம் ஏசியைப் பகலிலும் போடச் சொன்னேன். வெயிலுக்கும் புகைக்கும் சம்பந்தம் உண்டு என்று சிந்துஜா ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

மருமகள் சுமித்ரா வழக்கம்போல ஈரத் துணிக்காக முணுமுணுத்தாள். என் வெள்ளைச் சேலைகளை நான் ஹாலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் கொடி கட்டித்தான் காயப்போடுவேன். வீடு முழுக்க ஈர வாசனையாம், சுவர் பூத்துப்போகிறதாம். மாடியில் காக்காய்த் தொல்லை. சேலையில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு வைத்துவிடுகின்றன. வந்தவளுக்கு வருஷக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22

மயில்சாமி இன்று விஷயத்தை முழுசாகச் சொன்னான். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு டென்மார்க் கம்பெனிக்குப் போகிறது. இனிமேல் கரி எரிக்கிற பட்டறையில் அவர்கள் துணி போட மாட்டார்களாம். ஏப்ரல் எட்டாம் தேதி அவர்கள் ஆள் ஒருத்தி நேரில் வருகிறாள். பாய்லர் ஓடுவதைப் பார்ப்பாள், அளப்பாள். கரண்டில் ஓடுகிற பாய்லருக்கு மாற நமக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பாள். அவளுக்குத் திருப்தி இல்லை என்றால் ஆர்டர் கிடையாது.

“ஆர்டர் இல்லைன்னா?”

“ஆடி மாசம் வரைக்கும் தாக்குப் பிடிக்கலாமுங். அப்புறம் பூட்டத்தான் வேணும்.”

“கரண்ட் பாய்லர் வந்தா புகைபோக்கி?”

மயில்சாமி சுமித்ராவைப் பார்த்தான். அவள் சாம்பார் ஊற்ற எழுந்து போனாள். மோர் சாப்பிடுகிற நேரத்தில்.

ஒரு காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போச்சு என்று எல்லாப் பட்டறையையும் மூடினார்கள். அப்போது தண்ணீர், இப்போது காற்று, அடுத்தது வெயிலுக்கும் ரசீது கேட்பார்கள். நான் இருக்கிற வரைக்கும் அந்தக் குழாயில் ஒருத்தன் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் வரட்டும். நம் வீட்டுக்கு வருகிறவர்களை எப்படி வைத்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 30

பட்டறைச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. புகைபோக்கியில் என் பெயருக்குப் புதுப் பெயின்ட். நான் கீழே நின்று சொல்லச் சொல்லப் பெயின்டர் அடித்தான், ‘தா’வின் கால் மட்டும் கொஞ்சம் கோணல். எதற்கு இதெல்லாம் என்று ரகுநந்தன் கேட்டான். அவள் சுவரைப் பார்க்க வரவில்லையாம். பொண்ணு பார்க்க வருகிறவன்கூட சுவரைப் பார்க்க வருவதில்லை, அதற்காக அடிக்காமல் விடுவார்களா.

ஏப்ரல் 7, திங்கள்

நாளைக்கு அவள் வருகிறாள். சமையலுக்குச் சொல்லியாயிற்று. காரம் குறைவாக.

சாயங்காலம் பட்டறைக்குப் போய்ச் சின்னராசுவைத் தனியாகக் கூப்பிட்டேன். பாய்லரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறவன். கறுத்த ஆள், பேசினால் ஆவி வருகிற மாதிரி மெதுவாகப் பேசுவான்.

“நாளைக்குப் புகை தெரியக் கூடாது. வெடியால வெளிச்சம் வந்ததும் நெருப்பை இழுத்து அணைச்சுப்போடு” என்றேன்.

“பெரியம்மா, ராத்திரி ஏத்துன துணி லாட் மிஷின்ல இருக்குமுங். ஆவி நின்னா கெட்டுப்போயிருமுங்.”

“அரை நாள்ல ஒண்ணும் ஆகாது.”

“சின்ன மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுங்களா?”

“நான் சொல்லிக்கறேன்.”

புகை வேண்டாம் என்கிறவள் முன்னால் கரும் புகையைக் கக்கவிட்டு, வாங்க வாங்க என்பதா. வீட்டுக்கு ஆள் வரும்போது அழுக்குத் துணி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில்லையா. மயில்சாமியிடம் சொல்ல நினைத்தேன். அவன் போனிலேயே இருந்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில் நன்றாக இருந்தது. குளித்ததும் என் சேலைகளை எல்லாம் மொட்டை மாடியில் காயப்போட்டேன். ஆறு சேலையும் காற்றில் படபடவென்று அடித்தது பார்க்க நன்றாக இருந்தது.

டென்மார்க்காரி பத்து மணிக்கு வந்தாள். கிர்ஸ்டென் என்று பெயர். அறுபது வயசுக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடம் போகிற பையன் மாதிரி ஒட்ட வெட்டிய தலைமுடி. ஏரோப்ளேனில் கோயம்புத்தூரில் இறங்கி, அங்கிருந்து பெரிய காரில், ஏசியைப் போட்டுக்கொண்டு, எங்கள் புகையைப் பார்க்க. அவள் ஏறி வந்தது வரட்டியில் ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். சிந்துஜா அதை இங்கிலீஷில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள். வந்தவள் முகம் சிவந்தது. எங்கள் ஊரில் ஒருவர் கணக்கு உங்கள் ஊரில் பல பேர் கணக்குக்குச் சமம், அதில் எனக்குப் பெருமை இல்லை என்றாளாம்.

எல்லோரும் பட்டறைக்குப் போனார்கள். நான் வீட்டில் சமையலைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் மயில்சாமி போன் பண்ணி சுமித்ராவிடம் என்னவோ கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தார்கள். யார் முகமும் சரியில்லை. பாய்லர் குளிர்ந்து கிடந்ததாம். அளக்க வந்தவளுக்கு அளக்க ஒன்றும் இல்லை. “எனக்காகவா நிறுத்தினீர்கள்?” என்று கேட்டாளாம். மயில்சாமி ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறான். ரிப்பேர் பார்க்கிற ஆள் எங்கே என்று கேட்டாளாம். என் மகனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவன் அப்பன் வளர்ப்பு.

இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டாள். நான் சிந்துஜாவை வைத்துக் கேட்டேன்: உங்கள் ஊரில் சாயப்பட்டறையே கிடையாதா?

இருந்ததாம். அவள் பாட்டி ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவளாம். இவள் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்களாம்.

“மூடி? அப்புறம் எங்க போச்சாம்?”

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். சிந்துஜா சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, விரலைத் தரையை நோக்கிக் காட்டினாள்.

“இங்க வந்துச்சுங்கறாங்க, ஆத்தா.”

அதை மறைக்காமல் சொன்னாள், அது ஒன்று. சோற்றை வீணாக்கினாள், அதுவும் ஒன்று.

ஏப்ரல் 9

நேவி ப்ளூ லாட் முழுக்கக் கெட்டுப்போயிற்று. துணி திட்டுத் திட்டாக, பாம்புச் சட்டை மாதிரி கிடக்கிறது. அவளுக்கே காட்ட வைத்திருந்த லாட்டாம். அதைத் திரும்பச் சாயம் போட்டால் கறுப்புதான் போட முடியும்.

சின்னராசுவை மயில்சாமி வேலையை விட்டு நிறுத்திவிட்டான். யார் சொல்லி அணைத்தாய் என்று கேட்டதற்கு, நானாத்தானுங் என்றானாம். பாய்லர் பார்க்கிறவனுக்கு ஆவி நின்றால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் சம்பளம். மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

தலைவலி. ஏசியைப் போட்டும் வேர்க்கிறது.

ஏப்ரல் 10

எதிர்வீட்டு நாச்சம்மாள் மாம்பழத்தோடு வந்தாள். சாவு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி செருப்பை ஓசை இல்லாமல் விட்டாள்.

“செவ்வாக்கெழமை புகை போகலையாட்ட இருந்துச்சு. என்னமோ மனசு கேக்கலீங்க்கா.”

“ரிப்பேரு.”

“அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க அண்ணன் கம்பெனியும் மொதல்ல ரிப்பேருன்னுதான் நின்னுச்சு.” மாம்பழத்தை டேபிளில் அடுக்கினாள். “எங்க பையன் அப்பவே ஒடுமலைப் பக்கம் ரண்டு காத்தாலை வாங்கிப் போட்டான். காத்துக்கு ரிப்பேரு இல்லீங்களே.”

இவர்கள் காற்றாலை வருஷத்தில் பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற கதை எனக்குத் தெரியும். விறகு லாரிக்காரன் காலையில் இரண்டு முறை போன் பண்ணியிருக்கிறான், கம்பெனி மூடுறீங்களா என்று. தறி மேஸ்திரி ஒருத்தன் நேரிலேயே வந்துவிட்டான். அரை நாள் புகை நின்றதற்கு ஊரே எங்களுக்குக் கருமாதி வைக்கப் பார்க்கிறது. பழம் புளிப்பு.

ஏப்ரல் 12

சிந்துஜா என் ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். எதையாவது கேட்க வந்தால் இப்படித்தான் தலையணையை மடியில் வைத்துக்கொள்வாள்.

“ஆத்தா, சின்னராசு அண்ணன் யார் பேரும் சொல்லலீங்.”

“சொல்ல என்ன இருக்குது?”

“அன்னிக்கு ஏன் சேலையெல்லாம் மாடில காயப் போட்டீங்க?”

நான் ஏசி ரிமோட்டைத் தேடி எடுத்தேன்.

“எனக்குத் தெரிஞ்சு நீங்க மாடில சேலை காயப் போட்டதே இல்லீங். அன்னிக்கு வெடியால ஆறு சேலை. புகை வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது.”

“காக்கா வரலை அன்னிக்கு.”

“காக்கா” என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பேன். தலையணையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

படிக்க வைத்தது இதற்குத்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லி இடுவம்பாளையம் போனேன். சின்னராசு வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவன் பெண்டாட்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவள் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

“ஏன்டா, நான் சொன்னன்னு ஏன் சொல்லலை?”

“என்னத்தைங் பெரியம்மா சொல்றது. நீங்கதான்னு சொன்னா சின்ன மொதலாளி உங்களைக் கேப்பாருங். நீங்க இல்லைன்னு சொல்லிப்போடுவீங்க. அப்புறம் எல்லாருக்கும் சங்கடமுங்.”

அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான். தலையைக்கூடச் சொறிந்துகொண்டான். ஒருத்தன் என்னை இப்படிச் செருப்பால் அடித்ததில்லை.

நாளைக்கு வேலைக்கு வா என்றேன். நாளைக்கு வருஷப் பிறப்புங்களே என்றான். அவனுக்கு வாய் அதிகம்.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று

கனி பார்த்து, பாயசம் வைத்து, எல்லாம் ஆன பிறகு மயில்சாமியைத் தனியாகக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எனக்கு அன்னிக்கே தெரியுமுங்மா” என்றான்.

“தெரிஞ்சா அவனை எதுக்கு நிறுத்துனே?”

“பாய்லரை நிறுத்தச் சொல்ற தைரியம் இந்தக் கம்பெனில ரண்டு பேருக்குத்தானுங். நான் சொல்லலை. உங்களை வேலைய விட்டு நிறுத்த முடியாதுங்களே.”

இவனைப் பத்து மாசம் சுமந்தேன்.

அந்த டென்மார்க்காரி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டேன். இன்னொரு முறை ஆள் அனுப்புவாளாம். ஆனால் அதற்கு முன்னால் கரண்ட் பாய்லருக்கு ஆர்டர் கொடுத்ததைக் காட்ட வேண்டும், பழையதைக் கழற்றுகிற தேதியையும் எழுதித் தர வேண்டும். இல்லை என்றால் இத்தோடு சரி. மயில்சாமி இன்னும் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனும் ஜன்னல் வழியாக அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதிக் குடு” என்றேன்.

“என்னத்தைங்?”

“கழட்டறம்னு எழுதிக் குடு. இரும்புக் குழாய். துருப் பிடிச்ச இரும்பு. அதுல எம்பேரு இருந்தா என்ன, விளம்பரம் இருந்தா என்ன. ஆனா புது பாய்லரைச் சின்னராசுதான் பாக்கோணும். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வையி.”

மயில்சாமி கண்ணைத் துடைத்தான். பாயச ஏலக்காய் ஆவி. இந்த வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்கும்.

மே 6

ரகுநந்தன் வந்தான். பழைய பாய்லர் போனால் எங்கள் கணக்கில் எவ்வளவு இறங்கும் என்று படம் காட்டினான். கோடு மாடியில் இருந்து விழுந்த மாதிரி இறங்கியது. சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தேன். குடித்தான். டம்ளரில் ஒரு சொட்டு வைக்கவில்லை.

ஜூன் 19

காற்று மாசம் ஆரம்பித்துவிட்டது. இன்று புகைபோக்கியைக் கழற்றினார்கள். கிரேன் ஒன்று, காஸ் கட்டிங் பண்ணுகிறவன் ஒருவன். மேலிருந்துதான் வெட்ட வேண்டுமாம். முதலில் ‘பா’ இறங்கியது. அதை லாரியில் படுக்க வைத்தார்கள். பிறகு ‘வா’, ‘த்’. சாப்பாட்டு நேரத்தில் ‘தா’வும் ‘ள்’ளும் மட்டும் நின்றன. கோணல் கால் மாடியிலிருந்தே தெரிந்தது. நாச்சம்மாள் அவள் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். நான் என் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எழுந்து போனவள் அவள்தான்.

ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று சிந்துஜா கேட்டாள். எதற்கு, பூ வைத்துக் கும்பிடவா. இரும்புக் கடைக்கு அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 11

டென்மார்க் ஆர்டர் வந்துவிட்டது. பழையதில் பாதிதான், மீதி போகப் போக என்கிறார்கள். போகட்டும். பட்டறை ஓடுகிறது. சின்னராசு புது பாய்லர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறான். இது சும்மா நிக்குதுங் பெரியம்மா, பேசவே மாட்டீங்குது என்று குறைப்பட்டுக்கொள்கிறான்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் நாச்சம்மாள் கேட்டைத் திறக்கும்போதே கேட்டாள், பழக்க தோஷம்.

“புகை போகுதுங்களாக்கா?”

“போகுது” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை அவள் முழுங்கியது எனக்குத் தெரிந்தது. பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

மதியம் சிந்துஜாவைக் கேட்டேன், இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று. மறைக்காமல் சொன்னாள். பகலில் கொஞ்சம் நம் கூரையில் வைத்த சூரியத் தகட்டில் இருந்து. இப்போது காற்று மாசம், காற்றாலை ஓடுகிறது, பரவாயில்லை. காற்று நின்றால் ராத்திரிக்கு எங்கேயோ கடற்கரை ஓரம் கரியைத்தான் எரிப்பார்களாம். முன்னைக்கு இப்போது குறைவுதான், வருஷம் போகப் போக இன்னும் குறையும் என்றாள். ரகுநந்தன் போலவே பேசுகிறாள். குறையட்டும். நான் இருந்து பார்க்கப் போவதில்லை.

சாயங்காலம் சேலைகளை எடுக்க மாடிக்குப் போனேன். இப்போதெல்லாம் அங்கேதான் காயப்போடுகிறேன், சுமித்ராவின் சுவரும் பிழைத்தது. ஒரு புள்ளி இல்லை. முகர்ந்தால் வெயில் வாசம்.

டென்மார்க்காரியின் பாட்டி பட்டறையில் இருந்து அந்தப் புகை இங்கே வந்தது. நாங்கள் அதை வேறு எங்கேயோ அனுப்பிவைத்துவிட்டோம், வேண்டாத விருந்தாளியை பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி, போய்ச் சேர்ந்தீர்களா என்றுகூடக் கேட்காமல். அந்தக் கடற்கரை ஊரிலும் ஒரு குழாய் நிற்கும். யார் பெயரும் அதில் எழுதியிருக்காது. அதன் கீழே என் வயசில் ஒருத்தி, சேலையை வீட்டுக்குள்ளேதான் காயப்போடுவாள். மருமகள் முணுமுணுத்தால் மாடியில் காக்காய்த் தொல்லை என்பாள்.